பண்டிகைக்கு முன்பே புறப்படும் சரக்கு

ஓணம், கிறிஸ்துமஸ், சீனப் புத்தாண்டு, ரம்ஜான்: கீழப்பாவூர் வயல் முதல் உலகத் துறைமுகங்கள் வரை திருநாட்கள் வணிகத்தை நடத்தும் விதம்

உலக வணிகத்தில் பண்டிகை இரண்டு விதமாக வேலை செய்கிறது. வாங்குகிற ஊரில், பல மாதங்களில் பரவலாக நடக்க வேண்டிய விற்பனையைச் சில நாட்களுக்குள் குவித்துவிடுகிறது. விற்கிற ஊரில், ஆலை, லாரி, வங்கி, அலுவலகம் எல்லாவற்றையும் சில நாட்கள் நிறுத்திவிடுகிறது. ஒரு நாட்டில் கிராக்கி உச்சத்தில் இருக்கும் நேரத்தில் இன்னொரு நாட்டில் ஆலைக் கதவு பூட்டிக் கிடக்கும். இரண்டுக்கும் நடுவே ஓடும் கப்பலிலும் விமானத்திலும் இருக்கும் இடமோ ஓர் அளவுதான். அதனால் பண்டிகைச் சரக்கு பண்டிகைக்கு வெகு முன்பே கிளம்பியாக வேண்டும். எத்தனை நாள் முன்பு என்பதில்தான் லாபமும் நட்டமும் இருக்கின்றன.

தென்காசி மாவட்டத்துக் கீழப்பாவூர் வட்டாரம் இந்தக் கணக்கின் இரண்டு பக்கத்தையும் பார்க்கிற இடத்தில் இருக்கிறது. சிற்றாற்றுப் பாசனத்திலும் கிணற்றுப் பாசனத்திலும் காய்கறியும் பூவும் விளையும் பகுதி இது. ஊரை ஒட்டிய பாவூர்சத்திரத்தின் தினசரி காய்கனிச் சந்தையிலிருந்து கேரளத்துக்கு நாள்தோறும் லோடு போகிறது. மேற்கே செங்கோட்டை, புளியரை தாண்டினால் மலையாள தேசம். அங்கிருந்து விமானம் ஏறினால் வளைகுடா. கிழக்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டரில் தூத்துக்குடித் துறைமுகம்; அங்கிருந்து கொழும்பு வழியாக ஐரோப்பா, அமெரிக்கா. மேற்குச் சாலையின் பெரிய பண்டிகை ஓணம். கிழக்குச் சாலையின் பெரிய பண்டிகை கிறிஸ்துமஸ்.

ஓணத்துக்கு வயலில் தொடங்கும் கணக்கு

மலையாள ஆண்டின் சிங்க மாதத்தில், அதாவது நம் ஆவணியில், திருவோண நட்சத்திரம் கூடும் நாளில் ஓணம் வருகிறது. 2024இல் செப்டம்பர் 15, 2025இல் செப்டம்பர் 5, 2026இல் ஆகஸ்ட் 26. மூன்று ஓணங்களுக்குள் தேதி 20 நாள் முன்னே நகர்ந்துவிட்டது. சூரிய மாதத்தோடு கட்டப்பட்டிருப்பதால் ஆவணியை விட்டு வெளியே போகாது. ஆனால் அந்த மாதத்துக்குள்ளேயே முன்னும் பின்னும் நகரும். காய்கறி போடுகிறவருக்கு இந்த நகர்வு சாதாரண விஷயமல்ல. சென்ற ஆண்டு விதைத்த தேதியிலேயே இந்த ஆண்டும் விதைத்தால், காய் திரளும்போது பண்டிகை முடிந்து போயிருக்கும்.

ஓணச் சாப்பாட்டுக்கு வெள்ளரி, பூசணி, சேனை, முருங்கை, தடியங்காய், பயறு, நேந்திரன் எல்லாம் வேண்டும். சாம்பாருக்குச் சின்ன வெங்காயமும் கத்தரியும் வெண்டையும் வேண்டும். பரிமாற வாழையிலை வேண்டும். ஒவ்வொன்றுக்கும் வயது வேறு. வெண்டை விதைத்து நாற்பத்தைந்து நாளில் முதல் பறிப்புக்கு வந்துவிடும். சின்ன வெங்காயத்துக்கு எழுபது நாள். பூசணிக்கு மூன்று மாதம். நேந்திரனுக்குப் பத்து மாதத்துக்கு மேல். 2026 ஆகஸ்ட் 26ஆம் தேதி ஓணத்துக்கு வெங்காயம் ஜூன் நடுவிலும், பூசணி மே நடுவிலும், நேந்திரன் முந்தைய ஆண்டுப் புரட்டாசி ஐப்பசியிலும் மண்ணுக்குள் போயிருக்க வேண்டும். ஒரே இலையில் பரிமாறப்படும் காய்கள் ஒரே ஆண்டில் நடப்பட்டவை அல்ல.

பூவுக்குக் கணக்கு வேறு. அத்தம் நாளிலிருந்து திருவோணம் வரை பத்து நாளும் வாசலில் பூக்கோலம் போடுவதால், கேந்தி, வாடாமல்லி, கோழிக்கொண்டை, செவ்வந்தி எல்லாம் பத்து நாளும் தொடர்ந்து போக வேண்டும். தென்காசி, சங்கரன்கோவில் பூச்சந்தைகளும் கன்னியாகுமரி மாவட்டத் தோவாளைச் சந்தையும் அந்த நாட்களில் கேரள வியாபாரிகளை நம்பியே விலை வைக்கின்றன. 2025இல் ஆகஸ்ட் 26 அத்தம், மறுநாள் 27 விநாயகர் சதுர்த்தி. தமிழ்நாட்டுக் கிராக்கியும் கேரளக் கிராக்கியும் ஒரே வாரத்தில் மோதின. ஆவணி முகூர்த்த மாதமும் ஆனதால், கல்யாண வீட்டுக்காரர் பண்டிகைக்காரரோடு போட்டி போட்டே பூ வாங்க வேண்டியிருந்தது.

லோடு போகும் பாதை கொல்லம், திருமங்கலம் நகரங்களை இணைக்கும் 744ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. சந்தையில் ஏலம் முடிந்ததும் சாக்கும் ட்ரேயும் லாரியில் ஏறும். மேலே கனமான பூசணியைப் போட்டால் அடியில் இருக்கும் கத்தரியும் தக்காளியும் நசுங்கும் என்பதால், எந்தக் காய் அடியில், எது மேலே என்பது லோடுமேனுக்கு அத்துப்படி. இராத்திரி புளியரை ஏறினால்தான் விடியற்காலையில் புனலூர், கொல்லம் பக்கத்துக் கடைகளில் இறக்க முடியும். மலைப்பாதையில் புளியரை வளைவில் ஒரு கனரக வண்டி பழுதாகி நின்றால் பின்னால் வருவன எல்லாம் நிற்கும். மற்ற நாளில் இரண்டு மணி நேரத் தாமதம் காயை வாடச் செய்யும், அவ்வளவுதான். திருவோணத்துக்கு முந்தைய நாளான உத்திராடத்தன்று இராத்திரி அதே இரண்டு மணி நேரம் லோடையே வீணாக்கிவிடும். திருவோணம் விடிந்த பிறகு போய்ச் சேரும் காயைக் கேட்க ஆளிருக்காது.

கடல் வணிகத்தில் ஆயிரக்கணக்கான மைலுக்கு நீட்டிப் பார்க்கிற விதியும் இதுதான். பண்டிகைச் சரக்குக்கு விலை பண்டிகை வரை ஏறிக்கொண்டே போகும். பண்டிகை அன்று ஒரேயடியாக விழும்.

விமானம் ஏறும் வாழையிலை

கேரளத்துக்குப் போகிற காய் எல்லாம் கேரளத்திலேயே தங்குவதில்லை. ஐக்கிய அரபு அமீரகம், சவுதி அரேபியா, கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன் நாடுகளில் லட்சக்கணக்கான மலையாளிகள் வாழ்கிறார்கள். அவர்கள் வீட்டு ஓணத்துக்காகத் திருவனந்தபுரம், கொச்சி, கோழிக்கோடு விமான நிலையங்களிலிருந்து காய்கறியும் வாழையிலையும் பூவும் பறக்கின்றன. அவற்றில் பெரும்பங்கு தமிழ்நாட்டு வயல்களில் விளைந்தது. வளைகுடாவில் மலையாளிச் சங்கங்கள் ஓண விருந்தைத் திருவோணத்தோடு முடிப்பதில்லை. விடுமுறை நாள் பார்த்து, மண்டபம் கிடைக்கும் நாள் பார்த்து, வாரக்கணக்கில் நடத்துகின்றன. கேரளத்தில் விழுந்துவிட்ட விலை அங்கே இன்னும் கொஞ்ச நாள் நிற்பதற்கு இதுவே காரணம்.

இந்தச் சரக்கு பெரும்பாலும் பயணிகள் விமானத்தின் அடித்தளத்தில்தான் போகிறது. பயணிகளின் பெட்டிகள் போக மிச்சமிருக்கும் இடமே சரக்குக்கு. வளைகுடாப் பள்ளிகளுக்கு ஜூலை, ஆகஸ்டில் விடுமுறை. ஊருக்கு வந்த குடும்பங்கள் ஆகஸ்ட் கடைசியில் பள்ளி திறக்கத் திரும்பிப் போகும்போது விமானம் நிறைந்திருக்கும். ஒவ்வொருவர் பெட்டியும் கனமாக இருக்கும். ஓணம் ஆகஸ்ட் கடைசியில் வரும் ஆண்டுகளில் காய்க்கு இடம் தேவைப்படும் நாளும் பெட்டிக்கு இடம் தேவைப்படும் நாளும் ஒன்றாகிவிடுகின்றன. சரக்குக் கட்டணம் ஏறுகிறது. இடம் கிடைக்காத கூடை மறுநாள் விமானத்துக்குக் காத்திருக்கிறது. காத்திருக்கும் பண்டம் கீரையோ பூவோ ஆனால், அந்த ஒரு நாளே அதிகம்.

ஏற்றுமதிக் காய்க்கு இன்னொரு வாசலும் உண்டு. பூச்சி, நோய் இல்லை என்ற தாவர நலச் சான்றும், மருந்து எச்சம் வரம்புக்குள் இருக்கிறது என்ற ஆய்வும் பல நாடுகளில் கட்டாயம். 2014 மே முதல் தேதியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் இந்தியாவின் மாம்பழத்தையும் கத்தரி, பாகல், புடலை, சேம்பு ஆகிய காய்கறிகளையும் நிறுத்தி வைத்தது. பழ ஈ முதலான பூச்சிகள் இருந்ததே காரணம். மாம்பழப் பருவத்தின் நடுவே வந்ததால் அந்தத் தடை வலுவாக விழுந்தது. 2015இல் தமிழ்நாட்டுக் காய்களில் பூச்சிமருந்து எச்சம் இருப்பதாகக் கேரளமும் கேள்வி எழுப்பியது. பண்டிகை நெருக்கத்தில் விலை ஏறும்போது மருந்தடித்த கையோடு பறித்து அனுப்பும் ஆசை வரும். சோதனையில் சிக்கினால் போவது ஒரு லோடு மட்டுமல்ல, சந்தையின் பெயரும் சேர்ந்துதான்.

ஜூலையில் ஏறும் கிறிஸ்துமஸ்

தூத்துக்குடி 1974 ஜூலை 11 அன்று பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 2011இல் வ.உ.சிதம்பரனார் பெயர் சூட்டப்பட்டது. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டவர் அவர். இன்றைக்கும் துறைமுகத்தின் கன்டெய்னர் போக்குவரத்தில் பெரும்பகுதி அதே கொழும்பு வழியாகத்தான் உலகைச் சேர்கிறது. ஃபீடர் எனப்படும் சிறிய கப்பல் கன்டெய்னர்களைக் கொழும்புக்குக் கொண்டுபோகும். அங்கே தாய்க்கப்பல் ஏற்றிக்கொண்டு ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ புறப்படும்.

திருப்பூர்ப் பின்னலாடை, கரூர்ப் படுக்கை விரிப்பும் திரைச்சீலையும், உறைய வைத்த இறால், முந்திரிப் பருப்பு, தென்னை நார்ப் பொருட்கள் என இந்தத் துறைமுகம் அனுப்பும் பண்டங்களில் பல மேலைநாட்டுக் கிறிஸ்துமஸ் விற்பனையைக் குறிவைத்தவை. இந்தியப் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் திருப்பூருடையது. அதன் கிறிஸ்துமஸ் கணக்கைப் பின்னோக்கி எண்ணினால் இப்படி வரும். அமெரிக்காவில் விற்பனை, நவம்பர் நான்காவது வியாழக்கிழமை வரும் நன்றி நவிலும் நாளுக்கு அடுத்த வெள்ளியன்றே சூடுபிடித்துவிடும். அதற்குள் கடை அலமாரியில் சரக்கு இருக்க வேண்டுமென்றால் அக்டோபரில் கிடங்குக்கு வர வேண்டும். கடலில் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். ஆகவே ஜூலை முதல் செப்டம்பருக்குள் கப்பல் ஏற வேண்டும். தைப்பு மே, ஜூனில்; நூல் வாங்குவது அதற்கும் முன்னால்; மாதிரி காட்டி ஆர்டர் உறுதியாவது தை மாசியில். திருப்பூரில் பொங்கல் முடிந்து ஆலை திறக்கும்போதே அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸ் வேலை தொடங்கிவிடுகிறது.

ஜூலை முதல் செப்டம்பர் வரை துறைமுக வாசல் எப்படி இருக்கும் என்பதை ஒரு கன்டெய்னரின் பயணத்தில் பார்க்கலாம். ஆலையில் பெட்டி அடுக்கி, சீல் வைத்து, லாரியில் ஏற்றித் தூத்துக்குடிக்கு வரும். சுங்க முகவர் ஷிப்பிங் பில்லைப் பதிந்திருக்க வேண்டும். கப்பல் நிறுவனம் குறித்த கட்-ஆஃப் நேரத்துக்குள் கன்டெய்னர் துறைமுக வாசலைத் தாண்டியிருக்க வேண்டும். தாண்டாவிட்டால் ஃபீடர் அதை விட்டுவிட்டுப் போய்விடும். ஃபீடரைத் தவறவிட்டால் கொழும்பில் தாய்க்கப்பலும் தவறும். தாய்க்கப்பல் வாரம் ஒருமுறை வருவதால், வாசலில் அரை நாள் தாமதம் கொழும்பில் ஒரு வாரமாக மாறிவிடும். நேரத்துக்கு வந்தும் கப்பலில் இடமில்லை என்று அடுத்த கப்பலுக்குத் தள்ளப்படும் கன்டெய்னர்களும் சீசனில் உண்டு.

தாமதமான பண்டிகைச் சரக்குக்கு வாங்குகிறவர் மூன்று வழிகளில் ஒன்றைக் காட்டுவார்: விலையைக் குறை, உன் செலவில் விமானத்தில் அனுப்பு, இல்லையென்றால் ஆர்டர் ரத்து. விமானக் கட்டணம் கப்பல் கட்டணத்தைப்போலப் பல மடங்கு. ஒரு டி-ஷர்ட்டின் லாபம் முழுவதும் அதில் கரைந்துவிடும். சாதாரண வெள்ளை பனியனை ஜனவரியிலும் விற்கலாம். மான் படம் போட்ட சிவப்பு ஸ்வெட்டரை டிசம்பர் 26 அன்று யாரும் முழு விலைக்கு வாங்க மாட்டார்கள்.

2025 ஆகஸ்டில் இந்த நெருக்கடியோடு வரியும் சேர்ந்தது. அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு ஆகஸ்ட் 7 முதல் 25 சதவீதக் கூடுதல் வரி விதித்தது. ஆகஸ்ட் 27 முதல் அதை 50 சதவீதமாக்கியது. கிறிஸ்துமஸ் சரக்கு கப்பல் ஏறும் மாதத்திலேயே அது நடந்தது. மற்ற மாதத்தில் வந்திருந்தால் பேச்சுவார்த்தைக்கு அவகாசம் இருந்திருக்கும். சீசனில் வந்ததால், தைத்து முடித்த சரக்கோடு நின்ற ஏற்றுமதியாளருக்கு, கழிவு கொடுத்து அனுப்புவதா, வைத்திருப்பதா என்ற இரண்டே வழிதான் மிஞ்சியது.

முந்திரியின் நிலைமை இன்னும் சிக்கலானது. தென்காசியிலிருந்து ஆரியங்காவு வழியாக இறங்கினால் வரும் கொல்லம், முந்திரித் தொழிலின் பழைய தலைநகர். தூத்துக்குடி வழியாகவும் ஆப்பிரிக்கக் கொட்டை இறங்குகிறது. ஐவரி கோஸ்ட், கானா, கினி-பிசாவ் நாடுகளில் அறுவடை பிப்ரவரி முதல் ஜூன் வரை. உடைத்துத் தோலுரித்துத் தரம் பிரித்த பருப்பு தயாராகும்போது தீபாவளியும் கிறிஸ்துமஸும் சேர்ந்தே கேட்கின்றன. உள்நாட்டில் இனிப்புக்கடைக்காரர் கேட்கும் அதே பருப்பை வெளிநாட்டுக் கேக் தயாரிப்பாளரும் கேட்கிறார். எந்தச் சந்தையில் விலை ஏறுகிறதோ பருப்பு அந்தப் பக்கம் சாயும்.

ஆலைகள் உறங்கும் சீனப் புத்தாண்டு

ஓணமும் கிறிஸ்துமஸும் கிராக்கியைக் கூட்டும் பண்டிகைகள். சீனப் புத்தாண்டு உற்பத்தியை நிறுத்தும் பண்டிகை. சந்திரக் கணக்கில் ஜனவரி 21 முதல் பிப்ரவரி 20 வரைக்குள் ஒரு நாளில் வரும். 2024இல் பிப்ரவரி 10, 2025இல் ஜனவரி 29, 2026இல் பிப்ரவரி 17. அரசு விடுமுறை ஒரு வாரத்தை ஒட்டித்தான். ஆனால் கடலோர ஆலை நகரங்களில் வேலை செய்கிறவர்கள் உள்நாட்டு மாகாணங்களிலிருந்து வந்தவர்கள். ஊருக்குப் போய்த் திரும்ப அவர்களுக்கு வாரக்கணக்கில் ஆகும். சிலர் வேறு வேலைக்குப் போய்விடுவதும் உண்டு. எனவே ஆலை முழு வேகத்துக்குத் திரும்ப மூன்று நான்கு வாரம் பிடிக்கிறது. வியட்நாமின் டெட் பண்டிகையும் அதே நாட்களில் வருவதால் அங்கேயும் தொழில் நிற்கிறது.

இதன் விளைவு மூன்று கட்டமாக வரும். விடுமுறைக்கு முந்தைய வாரங்களில் எல்லோரும் முந்திக்கொண்டு சரக்கு அனுப்புவதால் கட்டணம் ஏறும். விடுமுறையில் ஏற்றச் சரக்கில்லாமல் கப்பல் நிறுவனங்கள் பயணங்களை ரத்து செய்யும். ரத்தான கப்பல் போய்ச் சேர வேண்டிய துறைமுகங்களில் சில வாரம் கழித்துக் காலிக் கன்டெய்னர் கிடைக்காது. தூத்துக்குடி ஏற்றுமதியாளர் சீனாவிலிருந்து எதுவுமே வாங்காதவராக இருந்தாலும், தன் சரக்கை அடுக்கக் காலிக் கன்டெய்னர் இல்லாமல் அந்தப் பண்டிகையின் பலனை அனுபவிப்பார்.

வாங்குகிறவர்களுக்கு இன்னும் நேரடியான பாதிப்பு. திருப்பூர் ஆடைக்கு வேண்டிய ஜிப், பொத்தான், சாயப்பொருள், செயற்கை இழைத் துணி ஆகியவற்றில் கணிசமானவை சீனாவிலிருந்து வருகின்றன. கோடைக்கால ஆர்டருக்கு வேண்டிய ஜிப்பை டிசம்பருக்குள் வரவழைக்காதவர் மார்ச் வரை காத்திருக்க வேண்டும். இன்னொரு பக்கம் ஆதாயமும் உண்டு. இந்தியக் கடலுணவை வாங்கும் நாடுகளில் அமெரிக்காவுக்கு அடுத்த இடம் சீனாவுக்கு. புத்தாண்டு விருந்துக்கு இறாலும் நண்டும் தேவைப்படுவதால், அதற்கு முந்தைய மாதங்களில் கடற்கரையோர ஏற்றுமதிக் கூடங்கள் சுறுசுறுப்பாகின்றன.

2020இல் புத்தாண்டு ஜனவரி 25. இரண்டு நாள் முன்னதாக, ஜனவரி 23 அன்று வூகான் நகரம் கொரோனாவால் பூட்டப்பட்டது. ஊருக்குப் போன தொழிலாளர்கள் திரும்ப முடியாமல் விடுமுறை நீண்டது. உலகக் கடல் வணிகத்தின் தாளம் அன்று தப்பியது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் கிராக்கி திரும்பியபோது கன்டெய்னர்கள் தேவைப்படாத இடத்தில் கிடந்தன. இந்திய ஏற்றுமதியாளர்களும் 2021 வரை கன்டெய்னர் தட்டுப்பாட்டில் தவித்தார்கள்.

அக்டோபர் முதல் வாரத்திலும் சீனாவுக்குத் தேசிய தின விடுமுறை. ஜப்பானில் ஏப்ரல் கடைசி முதல் மே முதல் வாரம் வரை தொடர் விடுமுறை. அங்கேயே ஆகஸ்ட் நடுவில் முன்னோர் வழிபாட்டு விடுமுறை. இத்தாலி, பிரான்ஸ் நாடுகளில் ஆகஸ்ட் மாதம் முழுவதும் அலுவலகங்கள் மந்தமாகவே இயங்கும். இவை எல்லாம் சீனப் புத்தாண்டை விடச் சிறிய நிறுத்தங்கள். எனினும் ஆர்டர் உறுதிக்காகவும் பணத்துக்காகவும் காத்திருப்பவர் அவற்றையும் குறித்து வைத்திருப்பார்.

நகர்ந்துகொண்டே இருக்கும் ரம்ஜான்

இஸ்லாமிய ஆண்டு முழுக்க முழுக்கச் சந்திரக் கணக்கு. அதனால் ரம்ஜான் ஒவ்வோர் ஆண்டும் பத்துப் பதினோரு நாள் முன்னே வருகிறது. ஏறத்தாழ முப்பத்து மூன்று ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடும். 2030ஆம் ஆண்டில் ஜனவரியில் ஒருமுறை, டிசம்பர் கடைசியில் மறுமுறை என இரண்டு ரம்ஜான் மாதங்கள் தொடங்கும். 2026இல் சீனப் புத்தாண்டு பிப்ரவரி 17. அடுத்த ஓரிரு நாளில் ரம்ஜான் நோன்பு. ஆசியாவின் பெரிய நிறுத்தமும் வளைகுடாவின் பெரிய கொள்முதலும் ஒரே மாதத்தில் வந்த ஆண்டு அது.

ரம்ஜானில் கிராக்கி, நிறுத்தம் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. நோன்பு மாதத்துக்கு முன்பு அரிசி, பருப்பு, எண்ணெய், பேரீச்சை, பழம், இறைச்சி ஆகியவற்றை வளைகுடா நாடுகள் குவித்து வைக்கின்றன. தேனி வட்டாரத்து வாழைப்பழம் போன்ற தமிழகச் சரக்குக்கு அது நல்ல காலம். நோன்பு தொடங்கியதும் வேலை நேரம் குறைகிறது. அமீரகத்தில் தனியார் நிறுவனங்களும் நாளுக்கு இரண்டு மணி நேரம் குறைக்க வேண்டும். சுங்கம், கிடங்கு, லாரி எல்லாம் மெதுவாக நகரும். எனவே சரக்கு நோன்புக்கு முன்பே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

வங்கதேசத்தில் ஈத் வரும்போது ஆடை ஆலைகள் ஒரு வாரத்துக்கும் மேல் மூடப்படுகின்றன. இறக்குமதியாளர்கள் சரக்கை எடுக்க வராததால் சட்டோகிராம் துறைமுகத்தில் கன்டெய்னர் தேங்குவது வழக்கமாக நடப்பது. ஆப்பிரிக்காவின் சோமாலிலாந்தில் பெர்பெரா துறைமுகத்திலிருந்து ஹஜ் காலத்துக்கு முன்பு ஆடுகள் கப்பல் கப்பலாகச் சவுதிக்குப் போகின்றன. மேய்ப்பர்களின் ஆண்டு வருமானத்தில் பெரும்பகுதி அந்தச் சில வாரங்களில்தான் வருகிறது.

இடத்துக்கு விலை

பண்டிகைக் காலத்தில் உண்மையில் தட்டுப்பாடாவது கப்பலில் இடம். ஜூலை முதல் அக்டோபர் வரை கப்பல் நிறுவனங்கள் வழக்கமான கட்டணத்தின் மேல் சீசன் கூடுதல் கட்டணம் போடுவது வழக்கம். பெரிய நிறுவனம் ஆண்டு ஒப்பந்தத்தில் இடத்தை முன்பே பிடித்து வைத்திருக்கும். மாதம் ஒரு கன்டெய்னர் அனுப்பும் சிறு ஏற்றுமதியாளர் அன்றன்றைய கட்டணத்துக்கு உட்பட வேண்டும். ஆகவே ஏற்றம் முதலில் விழுவது சிறியவர் தலையில்.

2021 இதன் உச்சத்தைக் காட்டியது. கொரோனா முடக்கத்துக்குப் பின் அமெரிக்கர்கள் வீட்டுப் பொருட்களை அள்ளி வாங்க, கிறிஸ்துமஸ் சரக்கும் சேர்ந்துகொண்டது. அந்தச் செப்டம்பரில் நாற்பதடிக் கன்டெய்னரின் உலகச் சராசரிக் கட்டணம் 10,000 டாலரைத் தாண்டியது. லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் துறைமுகங்களின் முன் கப்பல்கள் வரிசைகட்டி நின்றன. 2022 ஜனவரியில் அந்த வரிசை நூறைத் தாண்டியது. கிறிஸ்துமஸுக்கு வர வேண்டிய சரக்கில் ஒரு பகுதி கிறிஸ்துமஸ் முடிந்த பிறகும் கடலில் மிதந்துகொண்டிருந்தது.

பாதை அடைபட்டாலும் பண்டிகைக் கணக்கு மாறும். 2021 மார்ச் 23 முதல் 29 வரை எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கியது. 2023 நவம்பர் முதல் செங்கடலில் ஏமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதும், ஐரோப்பாவுக்குப் போகும் கப்பல்கள் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றின. பயணம் பத்து முதல் பதினான்கு நாள் நீண்டது. தூத்துக்குடி ஏற்றுமதியாளருக்கு அதன் பொருள், கிறிஸ்துமஸ் சரக்கை இரண்டு வாரம் முன்பே அனுப்ப வேண்டும் என்பதே. சுற்றிப் போகும் கப்பல்கள் கொழும்பில் கன்டெய்னர்களை இறக்கி ஏற்றியதால் 2024இல் அங்கே நெரிசலும் கூடியது.

கொழும்பை மட்டும் நம்பியிருக்கும் நிலை மெல்ல மாறுகிறது. 2024 செப்டம்பரில் தூத்துக்குடியில் புதிய கன்டெய்னர் முனையம் திறக்கப்பட்டது. 2025 மே 2 அன்று முறைப்படி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு மிகப் பெரிய தாய்க்கப்பல்கள் நேரடியாக வருகின்றன. தென்காசிக்கு இது தூரமில்லை. கன்டெய்னர்கள் தரை வழியாகத் தடையின்றிப் போய்வரச் சாலையும் ரயிலும் முழுமையாக அமைந்தால், மேற்குச் சாலையிலும் கப்பல் சரக்கு போகும் காலம் வரும்.

நம் விடுமுறையும் கணக்கில் உண்டு

பிறர் பண்டிகையைக் கணக்கிடும் வணிகம் நம் பண்டிகையைச் சில நேரம் மறந்துவிடுகிறது. துறைமுகம் இரவும் பகலும் இயங்கலாம். கன்டெய்னர் போய்ச் சேர ஆலை, லாரி ஓட்டுநர், சுங்க முகவர், வங்கி, சான்று தரும் அலுவலகம் அத்தனை பேரும் வேலையில் இருக்க வேண்டும். தீபாவளிக்குத் திருப்பூர் ஒரு வாரத்துக்கு மேல் அடங்கிவிடுகிறது. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் தீபாவளி, சத் பூஜைக்கும் ஹோலிக்கும் ஊருக்குப் போனால் திரும்பி வரும் வரை தையல் வரிசைகள் காலியாக இருக்கும். பொங்கலுக்கு நான்கைந்து நாள் லாரிகள் கிடைப்பது அரிது. ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழாவுக்குத் தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை. கிறிஸ்துமஸ் சரக்கு ஏறும் சீசனின் நடுவில் அது வருகிறது. ஏப்ரல் நடுவில் சித்திரைப் புத்தாண்டுக்கு இலங்கையில் அலுவலகங்களும் கடைகளும் பல நாள் மூடிக் கிடக்கும்; அங்கே சரக்கு அனுப்புகிறவர் பங்குனியிலேயே முடித்துவிடுவார்.

வாங்குகிற நாட்டிலும் இப்படித்தான். அமெரிக்க மேற்குக் கரைத் துறைமுகங்களில் கிறிஸ்துமஸ் அன்று ஏற்றும் இறக்கும் வேலை நடப்பதில்லை. விடுமுறைக்குள் போய் மாட்டிக்கொண்ட கன்டெய்னருக்குத் துறைமுகத்தில் டெமரேஜ் எனப்படும் தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும்.

சிறு ஊருக்கு என்ன பாடம்

கீழப்பாவூர் விவசாயி உலகக் கப்பல் கட்டணத்தை மாற்ற முடியாது. ஆனால் பண்டிகைத் தேதிகள் ஒருவருக்கும் ரகசியமல்ல. ஓணமும் கிறிஸ்துமஸும் சீனப் புத்தாண்டும் எந்தத் தேதி என்பது பல ஆண்டுகளுக்கு முன்பே தெரியும். ரம்ஜான் பிறை பார்த்து ஒரு நாள் முன்பின் ஆகலாம், அவ்வளவுதான். தெரிந்த தேதியிலிருந்து சந்தை நாள், லாரி நாள், பறிக்கும் நாள், விதைக்கும் நாள் என்று பின்னோக்கி எண்ணினால் விதைப்பு நாள் கைக்கு வந்துவிடும்.

எல்லோரும் ஒரே தேதிக்கு எண்ணினால் என்ன ஆகும் என்பது அடுத்த கேள்வி. உத்திராடத்துக்கு இரண்டு நாள் முன்பு ஊரே வெண்டை கொண்டுவந்தால் சந்தையில் விலை நிற்காது. விதைப்பைப் பத்துப் பத்து நாள் இடைவெளியில் பிரித்துப் போடுவதும், பூசணி, சேனை போன்ற தாங்கும் காய்களை முன்பே அனுப்பிவிட்டு வாடும் காய்களுக்குக் கடைசி நாள் லாரியை விட்டு வைப்பதும் உழவர் குழுக்களாகச் சேர்ந்தால்தான் நடக்கும். வளைகுடாவுக்கு அனுப்ப நினைப்பவர்கள், மருந்தடித்த நாளையும் பறித்த நாளையும் எழுதி வைக்கும் பழக்கத்தைச் சீசனுக்கு முன்பே தொடங்க வேண்டும். சான்றுக்கு அந்தக் குறிப்பு கைகொடுக்கும்.

தோட்டக்கலைத் துறை ஒவ்வொரு சித்திரையிலும் அந்த ஆண்டின் ஓணம், ரம்ஜான், கிறிஸ்துமஸ் தேதிகளோடு, எந்தப் பயிரை எந்த வாரம் விதைக்க வேண்டும் என்ற அட்டவணையையும் அச்சிட்டுச் சந்தை வாசலில் ஒட்டினால் பெரிய செலவில்லை. விளைச்சல் குவியும் நாலு நாளைத் தாங்க, சந்தைக்குப் பக்கத்தில் உழவர்கள் வாடகைக்கு எடுக்கக்கூடிய குளிர்பதன அறைகள் போதிய அளவில் வேண்டும். புளியரைச் சாலையை ஓண வாரத்தில் காய்கறி வண்டிகளுக்குத் தடையின்றி வைக்க இரு மாநிலக் காவல்துறையும் முன்கூட்டிப் பேசிக்கொள்ள வேண்டும். இந்த மூன்றையும் ஆவணி பிறந்த பிறகு கேட்டுப் பயனில்லை. சித்திரையிலேயே கேட்க வேண்டும்.